110 கே.வி. லைனில் லாஸ் கணக்கு: ஒரு வழியில் 1.4 மெகாவாட், இன்னொரு வழியில் 2176 மெகாவாட். ஏன்?

பவானிக்கரை கேட்டது:

வணக்கம். டிப்ளமோ ஈஈஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) படிக்கிறேன். டிரான்ஸ்மிஷன் பாடத்தில் ஒரு கணக்கு, அதிலேயே சிக்கி நிற்கிறேன். 110 கே.வி. சிங்கிள் சர்க்யூட் லைன், நீளம் 40 கிலோமீட்டர், பாந்தர் கண்டக்டர் (ஒரு வகை அலுமினியக் கம்பி), மின்தடை கிலோமீட்டருக்கு 0.139 ஓம். லைன் போய்ச் சேரும் சப்ஸ்டேஷனில் 110 கே.வி., லோடு 50 மெகாவாட், பவர் ஃபேக்டர் (வோல்ட் × ஆம்பியரில் உண்மையில் வேலையாகும் பங்கு) 0.9 லேகிங். மின்னோட்டம் எவ்வளவு, லைனில் வீணாகும் திறன் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

மொத்த மின்தடை 40 × 0.139 = 5.56 ஓம். இதுவரை குழப்பம் இல்லை. அப்புறம் ஓம் விதிப்படி 1,10,000-ஐ 5.56-ஆல் வகுத்தால் 19,784 ஆம்பியர் வருகிறது. வி ஸ்கொயர் பை ஆர் போட்டால் 2176 மெகாவாட் லாஸ். அனுப்புவதே 50 மெகாவாட் என்னும்போது இது எப்படி? லோடிலிருந்து மின்னோட்டத்தைக் கண்டுபிடித்து ஐ ஸ்கொயர் ஆர் போட்டால் 1.4 மெகாவாட் வருகிறது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடையும் அதுதான்.

விடை எது என்று தெரிகிறது, காரணம்தான் பிடிபடவில்லை. இரண்டு சூத்திரமும் ஒரே ஓம் விதியிலிருந்து வந்தவைதானே? வோல்டேஜைக் கூட்டினால் லாஸ் குறையும் என்று பாடத்தில் எழுதியிருக்கிறது, வி ஸ்கொயர் பை ஆர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. "டிரான்ஸ்மிஷனுக்கு ஐ ஸ்கொயர் ஆர் மட்டும் போடு" என்று மனப்பாடம் செய்து எழுத விருப்பமில்லை. யாராவது விளக்க முடியுமா?


யார்டு_ஷிஃப்ட் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இதை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிப் பாடம் தானாக விளங்கும்.

இரண்டு சூத்திரமும் சரிதான். எந்த வோல்டேஜை உள்ளே போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓம் விதியில் வரும் வோல்டேஜ், அந்த மின்தடையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவே இருக்கும் வோல்டேஜ். உங்கள் 5.56 ஓம் என்பது 40 கிலோமீட்டர் அலுமினியக் கம்பி. அதன் ஒரு முனை இந்த சப்ஸ்டேஷனில், மறு முனை அந்த சப்ஸ்டேஷனில். 110 கே.வி. என்பது கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே இருப்பது இல்லை, ஒரு ஃபேஸ் கம்பிக்கும் பக்கத்து ஃபேஸ் கம்பிக்கும் நடுவே இருப்பது. அதை 5.56-ஆல் வகுக்கும்போது, முழு 110 கே.வி.யையும் வெறும் கம்பியின் தலைக்கும் வாலுக்கும் நடுவே கொடுத்துவிட்டதாகக் கணக்குப் போடுகிறீர்கள். லோடே அங்கு இல்லை. அது ஷார்ட் சர்க்யூட் கணக்கு, அதற்குக்கூட ஃபேஸ் வோல்டேஜையும் (ஒரு ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பது) லைனின் ரியாக்டன்ஸையும் (ஏசி மின்னோட்டத்துக்குக் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) எடுக்க வேண்டும். இந்த லைனின் கடைசியில் மூன்று ஃபேஸையும் சேர்த்து ஷார்ட் செய்தால் சுமார் 3,700 ஆம்பியர் ஓடும், பின்னால் இருக்கும் கிரிட்டின் இம்பீடன்ஸையும் (மின்தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்தது) சேர்த்தால் இன்னும் குறையும். 19,784 எந்த நிலையிலும் வராது.

மின்னோட்டத்தை முடிவு செய்வது கம்பி இல்லை, லோடு. 50 மெகாவாட் லோடை ஒரு ஃபேஸுக்கு ஒரு இம்பீடன்ஸாகப் பார்த்தால் ஏறக்குறைய 218 ஓம் வரும். அதற்கு முன்னால் தொடராக நிற்கும் 5.56 ஓம் சிறியது. அதனால் முதலில் லோடிலிருந்து தொடங்க வேண்டும்:

மின்னோட்டம் = திறன் ÷ (√3 × லைன் வோல்டேஜ் × பவர் ஃபேக்டர்)
= 5,00,00,000 ÷ (1.732 × 1,10,000 × 0.9)
= 291.6 ஆம்பியர்

இனி கம்பியின் குறுக்கே விழும் வோல்டேஜ் 291.6 × 5.56 = 1,621 வோல்ட். இந்த 1,621-ஐ உங்கள் வி ஸ்கொயர் பை ஆர் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 1,621-இன் வர்க்கம் வகுத்தல் 5.56 என்றால் சுமார் 472.7 கிலோவாட், இது ஒரு ஃபேஸுக்கு. மூன்று ஃபேஸுக்கு 1.418 மெகாவாட். ஐ ஸ்கொயர் ஆர் வழியில் 3 × 291.6 × 291.6 × 5.56 போட்டாலும் அதே 1.418 மெகாவாட். இரண்டும் ஒன்றுதான்.

வோல்டேஜைக் கூட்டினால் லாஸ் ஏன் குறைகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. லோடு கேட்கும் 50 மெகாவாட் மாறாது. வோல்டேஜ் கூடினால் அதே திறனுக்குக் குறைந்த மின்னோட்டம் போதும், மின்னோட்டம் குறைந்தால் கம்பியின் குறுக்கே விழும் வோல்டேஜும் குறையும். இதே 50 மெகாவாட்டை இதே கம்பியில் 33 கே.வி.யில் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 972 ஆம்பியர், லாஸ் 11 மடங்குக்கு மேல். பாந்தர் கண்டக்டர் அந்த மின்னோட்டத்தைத் தாங்கவும் தாங்காது, வெப்பத்தில் தொய்ந்து தரை இடைவெளியைத் தொலைத்துவிடும். பைக்காரா நீர்மின்சாரத்தை 1930-களிலேயே 66 கே.வி.க்கு ஏற்றிக் கோயம்புத்தூருக்கு இறக்கியதற்குக் காரணம் இதே கணக்குதான்.


பவானிக்கரை எழுதியது:

நன்றி அண்ணா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். மின்னோட்டத்துக்கு √3 போட்டோம், லாஸுக்கு ஏன் 3? வகுப்பில் பாதிப் பேர் லாஸுக்கும் √3 போடுகிறார்கள். அடுத்தது, கம்பியின் குறுக்கே விழும் வோல்டேஜ்தான் முக்கியம் என்றால், இரண்டு சப்ஸ்டேஷனிலும் வோல்டேஜ் மீட்டரைப் பார்த்துக் கழித்து, அதை மின்னோட்டத்தால் பெருக்கினால் லாஸ் வந்துவிடும் இல்லையா? அது இன்னும் சுலபம்போல் தெரிகிறது.


கம்பிவழி எழுதியது:

யார்டு நண்பர் அடிப்படையை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் லைன் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன், மீதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சந்தேகம் சின்னது. வெப்பம் கம்பியில் உண்டாகிறது, கம்பிகள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஓடுவது லைன் மின்னோட்டம். ஆகவே மூன்று முறை ஐ ஸ்கொயர் ஆர். √3 வருவது லைன் வோல்டேஜுக்கும் ஃபேஸ் வோல்டேஜுக்கும் உள்ள உறவால். லாஸ் சூத்திரத்தில் வோல்டேஜே இல்லையே, அங்கு √3-க்கு வேலை இல்லை. இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்கிறேன்: மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் திரும்பி வரும் பாதை என்று தனியாக ஒன்று கிடையாது, அதனால் நீளத்தை இரண்டால் பெருக்கக் கூடாது. சிங்கிள் ஃபேஸ் லைனில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்பதால் அங்கு மட்டும் 2 × ஐ ஸ்கொயர் ஆர்.

இரண்டாவதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் வேலையில் சேர்ந்த பின்பும் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். இரு முனை மீட்டர்களின் வித்தியாசத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் லாஸ் வராது. ஏசி லைனில் மின்தடையோடு ரியாக்டன்ஸும் இருக்கிறது. 110 கே.வி. லைனுக்குக் கிலோமீட்டருக்கு 0.4 ஓம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் 40 கிலோமீட்டருக்கு 16 ஓம். மின்தடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! அந்த 16 ஓமிலும் வோல்டேஜ் விழும், ஆனால் அங்கு திறன் வீணாகாது. காந்தப்புலத்தில் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

கணக்காகவே போடுவோம். அதற்கு முன் மின்தடையைத் திருத்தவேண்டும். 0.139 என்பது 20 டிகிரியில் உள்ள மதிப்பு. சித்திரை வெயிலில் லோடோடு நிற்கும் கண்டக்டர் 20 டிகிரியில் எப்படி இருக்கும்? டிசைனில் பொதுவாக 75 டிகிரி எடுப்போம். அலுமினியத்தின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது, 55 டிகிரிக்கு 22 சதவீதம். ஆக 5.56 × 1.22 = 6.78 ஓம். லாஸ் 1.418-இலிருந்து 1.73 மெகாவாட்டாகிவிட்டது, 50 மெகாவாட்டில் கிட்டத்தட்ட 3.5 சதவீதம். தேர்வில் 0.139 கொடுத்தால் 0.139-ஐயே போடுங்கள், ஆனால் உண்மை லைனுக்கு வெப்பநிலையைக் கேட்காமல் மின்தடையைத் தொடாதீர்கள்.

இப்போது டிராப். ஒரு ஃபேஸுக்குத் தோராயச் சூத்திரம்: மின்னோட்டம் × (ஆர் காஸ் ஃபை + எக்ஸ் சைன் ஃபை). காஸ் 0.9 என்றால் சைன் 0.436.

291.6 × (6.78 × 0.9 + 16 × 0.436) = 291.6 × 13.08 = சுமார் 3,813 வோல்ட்.

ஃபேஸ் வோல்டேஜ் 63,500-இல் இது 6 சதவீதம். நீங்கள் சொன்ன முறையில் 3 × 3,813 × 291.6 போட்டால் 3.34 மெகாவாட் வரும். உண்மை லாஸ் 1.73. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தப்பு. டிராப் 6 சதவீதம், லாஸ் 3.5 சதவீதம், இரண்டும் வெவ்வேறு எண்கள். "டிராப் 6 சதவீதம் இருக்கு, அப்போ லாஸும் 6 சதவீதம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், டிசி லைனில் மட்டும் அது பொருந்தும். மீட்டரை வைத்து லாஸைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வோல்டேஜ் மீட்டரை விட்டுவிட்டு இரு முனையிலும் எனர்ஜி மீட்டரைப் பாருங்கள். போனதில் வந்ததைக் கழித்தால் போதும். அங்கேயும் மீட்டரும், மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் சிடி, பிடி ட்ரான்ஸ்ஃபார்மர்களும் எந்தத் துல்லிய வகுப்பைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும். 3 சதவீத வித்தியாசத்தை அளக்கப் போகும் இடத்தில் அரை சதவீதப் பிழை பெரிய விஷயம்.

பவர் ஃபேக்டரின் பங்கையும் கொஞ்சம் பாருங்கள், எனக்குப் பிடித்த பகுதி இது. அதே 50 மெகாவாட், 0.9-க்குப் பதில் 0.8 என்றால் மின்னோட்டம் 328 ஆம்பியர், லாஸ் 2.19 மெகாவாட். லோடு பக்கத்தில் 14 எம்விஏஆர் (வேலை செய்யாமல் போய்த் திரும்பும் திறனின் அலகு) அளவுக்குக் கெப்பாசிட்டர் பேங்க் போட்டு 0.9-ஐ 0.98-க்கு ஏற்றினால் மின்னோட்டம் 268, லாஸ் 1.46 மெகாவாட், டிராப் 6 சதவீதத்திலிருந்து 4.1-க்கு இறங்கும். புதிதாக ஒரு டவரும் நடாமல், கம்பியும் மாற்றாமல், கால் மெகாவாட்டுக்கு மேல் மிச்சம். அந்தக் கெப்பாசிட்டர் பேங்க் பழுதாகி மாதக்கணக்கில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.


பவானிக்கரை எழுதியது:

இது எதுவும் வகுப்பில் வரவில்லை ஐயா. மிக்க நன்றி. ஒரு விஷயம் மட்டும். இந்தக் கணக்கில் லோடு பக்கத்தில் 110 கே.வி. என்று கொடுத்துவிட்டார்கள். நிஜத்தில் நமக்குத் தெரிவது அனுப்பும் பக்கத்து வோல்டேஜ்தானே, லோடு மெகாவாட் அந்தப் பக்கம். அப்போது எதை வைத்துத் தொடங்குவது?


யார்டு_ஷிஃப்ட் எழுதியது:

அங்கே நேரடியாக ஒரே வரியில் விடை வராது, சுற்றிச் சுற்றி வரவேண்டும். முதலில் அந்தப் பக்கமும் 110 கே.வி. என்றே வைத்துக்கொள்ளுங்கள், மின்னோட்டம் 291.6, டிராப் லைன் வோல்டேஜாகச் சொன்னால் 6.6 கே.வி. ஆக அந்தப் பக்கம் 103.4. இந்த 103.4-ஐ வைத்து மின்னோட்டத்தைத் திரும்பப் போட்டால் 310.2. அதற்கு டிராப் 7.03, வோல்டேஜ் 102.97, மின்னோட்டம் 311.5. இன்னொரு சுற்றில் 311.6, அதற்கு மேல் நகராது. லாஸ் 1.97 மெகாவாட்.

முன்பு 1.73, இப்போது 1.97. அதே லைன், அதே லோடு. கேள்வியில் 110 என்று எழுதியிருப்பது எந்த முனையில் என்று பார்க்காமல் விட்டால் வரும் வித்தியாசம் இது. கிரிட் முழுவதற்கும் லோடு ஃப்ளோ மென்பொருள் செய்வதும் இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதைத்தான், ஆயிரக்கணக்கான பஸ்களுக்கு (லைன்கள் வந்து சேரும் இணைப்புப் புள்ளிகளுக்கு) ஒரே நேரத்தில்.

நீளமான லைன் என்றால் கம்பிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் கெப்பாசிட்டன்ஸையும் விடக்கூடாது. உங்கள் 40 கிலோமீட்டர் 110 கே.வி.யில் அது ஒன்றரை எம்விஏஆருக்கும் குறைவு, விட்டுவிடலாம். 400 கே.வி. ட்வின் மூஸ் லைனில் (ஃபேஸுக்கு இரண்டு மூஸ் வகைக் கம்பி) 100 கிலோமீட்டருக்கு 55 எம்விஏஆர் அளவுக்கு வரும், லோடே இல்லாவிட்டாலும் லைனில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும், கடைசி முனையில் வோல்டேஜ் ஏறும். அதை அடக்கத்தான் ஷண்ட் ரியாக்டர் வைக்கிறோம். அந்த லைன்களுக்கு இந்த எளிய சூத்திரம் போதாது, கெப்பாசிட்டன்ஸை இரு முனையிலும் பாதிப் பாதியாக வைக்கும் பை மாடல் எடுக்க வேண்டும்.


ஆரல்வாய்க்காற்று எழுதியது:

இடையில் நுழைகிறேன். இதுவரை எல்லோரும் பேசியது ஒரு நொடியின் லாஸ், மெகாவாட்டில். பணமாகப் போவது யூனிட். அங்கே மாணவர்கள் மட்டுமில்லை, திட்ட அறிக்கை எழுதுபவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: வருடத்தின் சராசரி லோடை எடுத்து, அதற்கு ஐ ஸ்கொயர் ஆர் போட்டு, 8,760 மணி நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். வர்க்கத்தின் சராசரியும் சராசரியின் வர்க்கமும் ஒன்றில்லை.

உச்ச லோடு 50 மெகாவாட், லோடு ஃபேக்டர் (சராசரி லோடு ÷ உச்ச லோடு) 0.6 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30 மெகாவாட். சராசரியை வைத்துப் போட்டால் லாஸ் உச்சத்தின் 36 சதவீதம். ஆனால் வழக்கமாகப் பயன்படுத்தும் லாஸ் ஃபேக்டர் (சராசரி லாஸ் ÷ உச்ச லாஸ்) சூத்திரம், 0.3 × லோடு ஃபேக்டர் + 0.7 × லோடு ஃபேக்டரின் வர்க்கம், 0.432 தருகிறது. உச்ச லாஸ் 1.73 மெகாவாட் என்றால் சராசரி லாஸ் 0.747 மெகாவாட், வருடத்துக்கு 65 லட்சம் யூனிட்டுக்கு மேல். கொண்டு சேர்த்த 26.28 கோடி யூனிட்டில் இது 2.5 சதவீதம். உச்சத்தில் 3.5, வருடத்தில் 2.5. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று எழுதாமல் வெறும் சதவீதம் மட்டும் போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஆனால் நான் இருக்கும் பக்கம் இந்தச் சூத்திரமே செல்லாது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவத்தில் லைன் நிரம்பி ஓடும், காற்று இல்லாத மாதங்களில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு எளிய எடுத்துக்காட்டு: வருடத்தில் பாதி நேரம் முழு 50 மெகாவாட், மீதிப் பாதி பூஜ்யம். லோடு ஃபேக்டர் 0.5. சராசரி முறையில் லாஸ் ஃபேக்டர் 0.25, சூத்திரத்தில் 0.325, உண்மையில் 0.5. சூத்திரத்தில் இருக்கும் 0.3-உம் 0.7-உம் வழக்கமான ஊர் லோடின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எடுத்த எண்கள், அவற்றைக் காற்றாலை ஃபீடரில் போடக் கூடாது. மணிக்கு மணி மின்னோட்ட அளவு மீட்டரில் இருக்கிறது. அதை இறக்கி ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டிவிடுங்கள். எக்செல்லில் ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான் வேலை.


கிணத்துமேடு எழுதியது:

ஐயா, நான் விவசாயி, தேடும்போது இந்தப் பக்கம் வந்தது. பெரிய லைன் கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. என்னுடைய மின் இணைப்பு (சர்வீஸ்) மோட்டார் ரூமில் இருக்கிறது, புதிய கிணறு அங்கிருந்து 300 மீட்டர். 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வோல்டேஜ் 360-க்கு இறங்கும்போது தண்ணீர் குறைகிறது, கேபிள் கையில் சூடாகத் தெரிகிறது. இதே கணக்கு எனக்கும் பொருந்துமா? கேபிளை மாற்றினால் பயன் உண்டா?


கம்பிவழி எழுதியது:

அப்படியே பொருந்தும் ஐயா, அளவுதான் சிறியது. 5 எச்.பி. என்றால் தண்டில் வரும் திறன் 3.73 கிலோவாட், மோட்டார் எஃபிஷியன்சி 80 சதவீதம் என்று வைத்தால் கேபிளில் வரவேண்டியது 4.66 கிலோவாட். 400 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.8. மின்னோட்டம் 8.4 ஆம்பியர். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 ஓம், உங்கள் 300 மீட்டருக்கு 1.5 ஓம். லாஸ் 3 × 8.4 × 8.4 × 1.5, சுமார் 318 வாட். வோல்டேஜ் 400-இலிருந்து மோட்டார் முனையில் 383-க்கு இறங்கும்.

சாயங்காலம் 360 வருகிறது என்கிறீர்கள். மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டம் இழுக்கும், 9.3 ஆம்பியர் அளவுக்கு. கேபிள் லாஸ் 393 வாட்டாகிவிடும், டிராப்பும் கூடும், மோட்டாருக்குப் போய்ச் சேருவது 341 வோல்ட்தான். தண்ணீர் குறைவதற்குக் காரணம் இதுதான். ஆனால் 300 மீட்டரில் பரவும் 393 வாட் கேபிளைக் கையில் தெரியும் அளவுக்குச் சூடாக்காது, அதற்கு ஜாயிண்ட் காரணமாக இருக்கலாம். விவசாய சர்வீஸுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த லாஸ் பில்லில் தெரியாது, வைண்டிங் எரியும்போது ரீவைண்டிங் செலவாகத் தெரியும்.

6 ஸ்கொயர் எம்எம் போட்டால் லாஸ் மூன்றில் ஒரு பங்கு குறையும், 400 வோல்ட்டில் சுமார் 210 வாட். 10 போட்டால் 120 வாட். என் கருத்து, இந்தத் தூரத்துக்கு 6 போதும், பிற்காலத்தில் 7.5 எச்.பி. வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 10 போடுங்கள். கேபிளை மாற்றும் முன்பு ஜாயிண்ட்களைப் பாருங்கள். வெறும் முறுக்கிக் கட்டிய ஜாயிண்ட் ஒன்று இருந்தாலே அந்த இடம் மட்டும் தனியாகச் சுடும், அதற்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை. ஆனால் சப்ளை இருக்கும்போது கேபிளில் கை வைத்துச் சூடு பார்க்காதீர்கள், ஈரமான இடம். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், தெரிந்த வயர்மேனை வைத்துக்கொண்டு.

இன்னொன்று, கெப்பாசிட்டர். 5 எச்.பி.க்கு 2 கேவிஏஆர் அளவு வழக்கம். அதை மோட்டார் ரூமில் சர்வீஸ் பக்கத்தில் வைத்தால் வாரியத்தின் லைனுக்கு நல்லது, உங்கள் 300 மீட்டர் கேபிளுக்கு ஒரு பயனும் இல்லை. கெப்பாசிட்டர் இருக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள கம்பியில்தான் மின்னோட்டம் குறையும். கிணற்றுப் பக்கத்தில், கேபிளின் மறு முனையில் மழை படாத பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். 360 வோல்ட் என்பது ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துப் பிரச்சினையாகவும் இருக்கலாம், அதைப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், கேபிளால் அது தீராது.


கிணத்துமேடு எழுதியது:

ரொம்ப நன்றிங்க ஐயா. ஜாயிண்ட் இரண்டு இருக்கிறது, இரண்டும் டேப் சுற்றியதுதான். முதலில் அதைப் பார்க்கிறேன். கெப்பாசிட்டர் மோட்டார் ரூமில்தான் இருக்கிறது, அதையும் மாற்றச் சொல்கிறேன்.


பவானிக்கரை எழுதியது:

கடைசியாக ஒன்று. "டிராப்பும் லாஸும் டிசியில் மட்டும் ஒரே சதவீதம்" என்று கம்பிவழி ஐயா சொன்னார். அப்படியென்றால் சத்தீஸ்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கே.வி. டிசி லைனுக்குக் கணக்கு இன்னும் எளிதா? அதை ஏன் ஏசியில் கொண்டுவரவில்லை?


யார்டு_ஷிஃப்ட் எழுதியது:

கணக்கு மட்டும் எளிது. ராய்கர்–புகளூர் லைன் 6,000 மெகாவாட், பிளஸ் 800, மைனஸ் 800 கே.வி. என்று இரண்டு போல் (துருவம்). ஒரு போலுக்கு 3,000 மெகாவாட், அதை 800 கே.வி.யால் வகுத்தால் 3,750 ஆம்பியர். √3 இல்லை, பவர் ஃபேக்டர் இல்லை, சீராக ஓடும்போது ரியாக்டன்ஸும் கணக்கில் வராது. லாஸ் 2 × ஐ ஸ்கொயர் ஆர், ஆர் என்பது ஒரு போலின் மின்தடை. இரண்டு போலும் சமமாக ஓடும்போது தரை வழியாக ஏறக்குறைய ஒன்றும் போகாது.

இதையே 400 கே.வி. ஏசியில் ஒரே லைனில் கொண்டுவருவதாக நினைத்தால் பவர் ஃபேக்டர் 1 என்றாலும் ஃபேஸுக்கு 8,660 ஆம்பியர். ஒரு ட்வின் மூஸ் சர்க்யூட்டின் இயல்பான லோடு 515 மெகாவாட் அளவுதான், அதுவும் 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் லைனில் அதைத் தாண்டி ஏற்றுவது கடினம். ஆக ஒரு டஜன் சர்க்யூட் வேண்டும். அத்தனை டவருக்கு நிலம் எங்கே இருக்கிறது? டிசியில் கூடுதலாக வருவது ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் கன்வர்ட்டர் ஸ்டேஷன் லாஸ், ஒரு முனைக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக. லைன் எவ்வளவு நீளமானாலும் அது மாறாது. அதனால் நூறு கிலோமீட்டர் லைனுக்கு டிசி போட்டால் கன்வர்ட்டர் செலவும் லாஸும் மிச்சத்தைத் தின்றுவிடும், ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் டிசி தெளிவாக முந்தும்.

தேர்வுக்கு ஒன்று சொல்கிறேன் தம்பி. உங்கள் 40 கிலோமீட்டர் கணக்கை 0.139-இலேயே, 110 கே.வி. பெறும் முனையில் என்று எழுதி, 291.6 ஆம்பியர், 1.418 மெகாவாட் என்று முடியுங்கள். முதல் வரியிலேயே "பெறும் முனை வோல்டேஜ்" என்று எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் குழப்பம் வராது.